ஷா ஆலம் வரை நானே ஓட்டினேன்

தம்பி,

முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் நீ எவ்வளவு வேண்டுமானாலும் கத்திக்கொள். நீ ஜொகூர் பாருவில் லிஃப்ட் பொருத்திக்கொண்டிருந்த இரண்டு வாரமும் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனது பக்கத்து வீட்டு சாமுவேல் அங்கிள் இல்லை. நான்தான். கிள்ளானிலிருந்து ஷா ஆலம் வரைக்கும், கூட்டரசு நெடுஞ்சாலையில், துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லோரிகளும் அங்கிருந்து வருகிற கண்டெய்னர் லோரிகளும் உறுமிக்கொண்டிருக்கும் விடிகாலையில், நம் வெள்ளி நிறக் காரை ஓட்டிக்கொண்டு போனது ஐம்பத்தெட்டு வயதான உன் அம்மா. ஆறு தடவை போனேன், ஆறு தடவை பத்திரமாகத் திரும்பி வந்தேன். திருட்டுத்தனமாக இல்லை, லைசென்ஸோடு. போன வாரம் நீ போனில் பேசும்போது, "சாமுவேல் அங்கிள் எப்பிடிம்மா ஓட்டறாரு, அப்பாவுக்கு வசதியா இருக்கா?" என்று கேட்டாய். "ரொம்ப நல்லா ஓட்டறாரு" என்று சொன்னேன். என்னை நானே அப்படிப் புகழ்ந்துகொண்டதில் எனக்கு வெட்கமே இல்லை.

இதை நேரில் சொல்லியிருக்கலாம். நேற்று ராத்திரி நீ வந்து சாப்பிட உட்கார்ந்தபோது சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் உன்னிடம் ஒரு கெட்ட பழக்கம் இருக்கிறது. நான் முக்கியமாக எதையாவது ஆரம்பித்தால், "பாப்போம்மா" என்று ஒரே வார்த்தையில் மூடி வைத்துவிட்டு ரசத்தை ஊற்றச் சொல்வாய். அதனால்தான் எழுதி உன் பையில் வைக்கிறேன். கிள்ளானில் ரயில் ஏறிப் பிரிக்பீல்ட்ஸில் இறங்குவதற்குள் முழுக்கப் படித்துவிடலாம். ரயிலில் உட்கார்ந்துகொண்டு என்னை எதிர்த்துப் பேச முடியாது பார், அது எனக்கு வசதி. வெள்ளிக்கிழமைக்குள் நீ கூச்சிங் வேலைக்குப் பதில் எழுத வேண்டும். முடியாது என்று எழுதத்தான் நீ இருக்கிறாய். அப்படி எழுத விடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ அந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன அன்று நான் சமையலறையில் இருந்தேன். வாசலில் நின்று உன் மேலாளரிடம் போனில் பேசிக்கொண்டிருந்தாய். கடல் தாண்டிக் கூச்சிங்கில் புதுக் கட்டடம், முப்பது மாடி, அத்தனை லிஃப்டுக்கும் நீதான் பொறுப்பு, இரண்டு வருடம். "தேங்க்ஸ் பாஸ், ஆனா முடியாது. அப்பாவ யார் பாஸ் கூட்டிட்டுப் போறது? வாரத்துக்கு மூணு நாளு லா" என்று சிரித்துக்கொண்டே சொன்னாய். அந்தச் சிரிப்புதான் என்னைச் சுட்டது. கோபமாகச் சொல்லியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர்தான் முடிவை எழுத்தில் கொடு, கட்டடம் எழும்ப ஆறு மாதமாகும், அந்த மாதக் கடைசி வெள்ளி வரைக்கும் நேரம் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்தார். நீ உள்ளே வந்து, என்னம்மா குழம்பு என்று கேட்டாய்.

இரண்டு வருடமாக நீ செய்வதை நான் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். செவ்வாய், வியாழன், சனி. நாலே முக்காலுக்கு எழுந்திருக்கிறாய். ஐந்தரைக்கு அப்பாவை ஏற்றிக்கொண்டு போய் ஷா ஆலத்தில் விட்டு, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து, பத்தரைக்கு வீட்டில் கொண்டுவந்து படுக்கவைத்துவிட்டு, அப்புறம் ரயில் பிடித்து வேலைக்கு ஓடுகிறாய். அந்த நேரத்தை ஈடுகட்ட இரவு ஒன்பது வரைக்கும் அங்கேயே கிடக்கிறாய். கிள்ளான் டயாலிசிஸ் மையத்தில் காலை நேரத்துக்கு இடம் காலியாக இல்லை என்பதால் வந்த வினை இது. போன் செயலியில் கார் கூப்பிட்டுப் பார்க்காமலும் இல்லை. ஊசி எல்லாம் எடுத்துத் தலைசுற்றலோடு ஏறிய அப்பா ஒரு நாள் அந்தக் காரில் வாந்தி எடுத்துவிட்டார். ஓட்டிய பையன் ஜன்னலை மட்டும் இறக்கிவிட்டான். அப்பாவுக்கு அதுவே போதும். இனி அந்நியன் காரில் ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டார். சர்க்கரை அவர் கண்ணையும் கொண்டுபோய்விட்டதால் அவரால் ஓட்டவும் முடியாது. மிச்சம் இருந்தது நீ. நான் ஒருத்தி அதே வீட்டில் கையும் காலுமாக இருக்கிறேன் என்று நம் மூன்று பேருக்கும் தோன்றவே இல்லை, எனக்கும் சேர்த்துத்தான்.

ஏன் தோன்றவில்லை என்பதற்கு ஒரு கதை உண்டு. அது உனக்குத் தெரிந்த கதைதான், கல்யாண வீட்டுக்குக் கல்யாண வீடு அப்பா சொல்லிச் சிரிப்பாரே. எங்களுக்குக் கல்யாணமான புதிதில், ஜெஞ்சாரோமில் அவருடைய அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது, செம்பனைத் தோட்டத்து மண் சாலையில் எனக்குக் கார் ஓட்டச் சொல்லிக் கொடுத்தார். நான் ஏறிய ஐந்தாவது நிமிடம் காரை இடப்பக்கத்து லோங்கானில், அந்தச் சாக்கடைக்குள், இறக்கிவிட்டேன். சகதித் தண்ணீர் கதவுக்கு வந்துவிட்டது. டிராக்டர் வந்துதான் இழுத்தது. அப்பா அப்போது சாலையில் கோடு போடுகிற குத்தகைக் கூட்டத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெந்நீர்போல் கொதிக்கிற வெள்ளைச் சாயத்தை வண்டியில் தள்ளிக்கொண்டு போய், பிசகாமல் நேராக இழுக்கிற வேலை. கிள்ளான் வட்டாரத்தில் பாதிக் கோடு அவர் கை பட்டதுதான். "ஊருக்கெல்லாம் நான் கோடு போடுறேன், என் பொண்டாட்டிக்குக் கோடு பத்தல, லோங்கான் வேணுமாம்" என்று அன்று அவர் சொன்னதற்கு வீடே சிரித்தது. நானும் சிரித்தேன். உள்ளுக்குள் சுருக்கென்றது. இனி ஸ்டீரிங்கைத் தொட்டால் பார் என்று எனக்குள் சபதம் போட்டேன். அவர் அதற்கப்புறம் பத்துத் தடவையாவது "வா மா, சொல்லிக் குடுக்கறேன்" என்று கூப்பிட்டிருப்பார். அவர் கேலி செய்தார் என்று எல்லோரிடமும் நான் சொல்லிவந்தது பாதி உண்மை. மீதி என் வீம்பு. அந்த வீம்பை முப்பத்திரண்டு வருடம் தண்ணீர் ஊற்றி வளர்த்தேன், கடைசியில் அதற்கான விலையை நீ கொடுத்துக்கொண்டிருந்தாய்.

நீ மேலாளரிடம் போனில் முடியாது என்று சொன்ன மறு திங்கட்கிழமை நான் ஒரு டிரைவிங் பள்ளியில் போய்ப் பெயர் கொடுத்தேன். உங்கள் இரண்டு பேரிடமும் கோயிலில் தேவார வகுப்பு என்று சொன்னேன். சாமி விஷயத்தில் பொய் சொன்னதற்கு சாமியிடமே மன்னிப்புக் கேட்டுவிட்டேன், அது எங்களுக்குள். திங்களும் புதனும் அப்பா மதியம் தூங்கும்போது கோயில் வாசலில் போய் நிற்பேன், பள்ளியின் கார் வந்து ஏற்றிக்கொள்ளும். அப்பா ஒரு நாள், இத்தனை வாரமாகப் போகிறாயே, ஒரு பாட்டுப் பாடிக் காட்டு என்று கேட்டுவிட்டார். சின்ன வயதில் பள்ளிக்கூடத்தில் பாடமான ஒன்றே ஒன்றைப் பாடினேன். "காசு வாங்காத வாத்தியாரா?" என்று கேட்டார்.

சொல்லிக்கொடுத்த பெண்ணின் பெயர் தேவி. உன்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். எல்லோரும், மலாயில் ஆசிரியரைக் கூப்பிடுகிற மாதிரி, சீகு தேவி என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். என்னை அவள் ஆன்ட்டி என்பாள். கணினித் தேர்வில் முதல் தடவையே பாஸானேன். பள்ளியின் திடலில் மேட்டில் நிறுத்துவது, பின்னால் போய்க் கட்டத்துக்குள் விடுவது எல்லாம் இரண்டு மாதத்தில் வந்துவிட்டது. ஆனால் சாலைக்கு வந்ததும் என் கார் இடப்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தது. நான் நேராகத்தான் போகிறேன் என்று சத்தியம் செய்வேன். தேவி பக்கக் கண்ணாடியில் பார்த்துக் கத்துவாள். "ஆன்ட்டி, ரைட்டு வாங்க, ரைட்டு! டயரு கோட்டு மேல ஏறிடுச்சு ஆன்ட்டி, லோங்கான்ல வுழப் போறோம் லா!" லோங்கான் என்ற சொல்லைக் கேட்டாலே ஸ்டீரிங்கை இறுக்கிப் பிடிப்பேன், இறுக்கினால் கார் இன்னும் இடப்பக்கம் போகும். முதல் சாலைத் தேர்வில் பக்கத்தில் உட்கார்ந்த மலாய் அதிகாரி பொறுமைசாலி. முடிந்து இறங்கும்போது, மாச்சிக் என்று அத்தை முறையில் கூப்பிட்டு, சாலை இவ்வளவு அகலமாக இருக்கிறது, நீங்கள் ஏன் ஓரத்திலேயே குடித்தனம் நடத்துகிறீர்கள் என்று மலாயில் கேட்டார். ஃபெயில். இரண்டாவது தடவை, இடப்பக்கம் போகக் கூடாது என்று பயந்து பயந்து வலப்பக்கக் கோட்டில் ஏறினேன், பின்னால் வந்த லோரிக்காரன் ஹார்னை அழுத்தியதில் காதடைத்தது. மறுபடி ஃபெயில். அன்று ராத்திரி குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதேன். வெளியே நீ, "அம்மா, டவல் வேணுமா?" என்று கேட்டாய்.

இப்போது நான் சொல்லப்போவதை நன்றாகக் கவனி, ஏனென்றால் இதை யாரும் எனக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை, நானே கண்டுபிடித்தேன். இரண்டாவது தடவை ஃபெயிலான அந்த வாரச் சனிக்கிழமை, டயாலிசிஸுக்கு அப்பாவோடும் உன்னோடும் நானும் வந்தேன். திரும்பும்போது அவர் பின்னால் படுத்துக்கொண்டார், நான் உன் பக்கத்தில், வழக்கம்போல இடது சீட்டில். சாலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். மனசு அமைதியாக இருந்தது. இடப்பக்கத்து வெள்ளைக்கோடு முன்கண்ணாடியின் இடது மூலையில், என் முழங்காலுக்குக் கொஞ்சம் தள்ளி, எப்போதும் வருகிற இடத்தில் வந்துகொண்டிருந்தது. எப்போதும் வருகிற இடம்! அந்த நினைப்பு வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முப்பத்திரண்டு வருடமாக அப்பா பக்கத்திலும் அப்புறம் உன் பக்கத்திலும் நான் இடது சீட்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். சாலை எப்படித் தெரிந்தால் சரி என்று என் கண் அந்த சீட்டிலிருந்துதான் படித்து வைத்திருக்கிறது. இப்போது வலது சீட்டில் உட்கார்ந்துகொண்டு, அதே கோட்டை அதே மாதிரி என் முழங்கால் பக்கத்தில் கொண்டுவர நான் காரையே இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போயிருக்கிறேன். என் கை ஓட்டியது வலது சீட்டில், என் கண் இன்னும் இடது சீட்டைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. "என்னம்மா, திடீர்னு நிமிந்து உக்காந்துட்டீங்க?" என்று கேட்டாய். இடுப்பு வலி என்றேன்.

திங்கட்கிழமை தேவியிடம், நீயே ஓட்டிக் காரைக் கோட்டுக்கு நடுவில் அளந்து நிறுத்து என்று சொன்னேன். நிறுத்தினாள். நான் வலது சீட்டில் ஏறி, முதுகை நேராக வைத்துக்கொண்டு, இடப்பக்கக் கோடு கண்ணாடியின் கீழ் விளிம்பை எங்கே தொடுகிறது என்று பார்த்தேன். என் முழங்கால் பக்கத்தில் இல்லை தம்பி, இடப்பக்கம் தள்ளி, கிட்டத்தட்ட கண்ணாடியின் நடுவில்! நான் இத்தனை நாள் முழங்கால் பக்கத்திலேயே தேடிக்கொண்டிருந்தேன். உடனே நெற்றியிலிருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த இடத்தில் கண்ணாடியில் ஒட்டினேன். நாங்கள் பெண்கள் குளிக்கப் போகும்போது கண்ணாடியில் ஒட்டிவைப்பதில்லையா, அதே மாதிரி. தேவி முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "என்னா ஆன்ட்டி, காருக்குப் பூப்பு சடங்கா?" என்றாள். பதிலுக்குக் காரைக் கிளப்பினேன். பொட்டு கோட்டைத் தொட்டுக்கொண்டே போனால் கார் நடுவில் இருக்கிறது, பொட்டு கோட்டுக்கு இடப்பக்கம் போனால் நானும் இடப்பக்கம் போகிறேன். அவ்வளவுதான் கணக்கு. மேரு சாலையில் ஒரு மணி நேரம் போய் வந்தோம். ஒரு தடவைகூட அவள் கத்தவில்லை. காரை நிறுத்தியதும் சிரிக்காமல், "ஆன்ட்டி, இத நான் மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுக்கலாமா?" என்று கேட்டாள். தாராளமாகக் கொடு என்றேன். இப்போது அவளிடம் படிக்கிற இரண்டு பெண்கள் பொட்டோடுதான் வகுப்புக்கு வருகிறார்களாம்.

இன்னொன்றும் தேவி சொன்னாள், அதற்கு அவளுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். பொட்டை அடிக்கொருதரம் பாருங்கள், ஆனால் அதையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள், சாலை எங்கே போய் முடிகிறதோ அங்கே பாருங்கள் என்றாள். தூரத்தைப் பார்த்தால் கை தானாகச் சின்னச் சின்னதாகத் திருத்திக்கொள்கிறது. டயருக்கு முன்னால் பார்த்தால் கை பதறுகிறது. மூன்றாவது சாலைத் தேர்வில் நான் தூரத்தைப் பார்த்துத்தான் ஓட்டினேன். இருபது நிமிடமும் பக்கத்திலிருந்த அதிகாரி தாளில் என்னமோ எழுதிக்கொண்டே வந்தார். இறங்கியதும், மாச்சிக், ஓரத்திலிருந்து வீடு மாறிவிட்டீர்களா என்று கேட்டார். முதல் தடவை வந்தவரேதான். பாஸ்! ஓடிப்போய் தேவியைக் கட்டிக்கொண்டேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, பொட்டு நெத்திலயே இருக்கு!" என்றாள். தொட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் ஒட்டவே மறந்திருக்கிறேன். என் கண் தானாகவே வலது சீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. பள்ளியின் திடலில் அத்தனை பேர் முன்னால், பதினெட்டு வயதுப் பிள்ளைகள் எல்லாம் வேடிக்கை பார்க்க, நான் கையைத் தட்டிக் குதித்தேன். எனக்குக் கல்யாணத்தன்றுகூட அவ்வளவு சந்தோஷம் இல்லை, அப்பாவிடம் சொல்லிவிடாதே.

அப்புறம் நீ ஜொகூருக்குப் போனாய். முதல் செவ்வாய்க்கிழமை சாமுவேல் அங்கிள் வந்தபோது அவரிடம் லைசென்ஸைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தங்கச்சி, நான் பின்னால உக்காந்து வரேன், ஏதாச்சும்னா நான் இருக்கேன்" என்றார். ஏறியதிலிருந்து கண்ணை மூடி ஜெபம் பண்ணிக்கொண்டே வந்தார், ஏதாச்சும் ஆகியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்காது. அப்பாவைக் கைபிடித்துக் கூட்டி வந்து இடது சீட்டில் உட்காரவைத்தேன். நான் சுற்றி வந்து வலப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தியதும், "சாமுவேல் வரலையா?" என்று கேட்டார். பின்னால் இருக்கிறார் என்றேன். "அப்ப ஓட்டறது?" நான்தான் என்றேன். தலைக்கு மேல் இருக்கிற கைப்பிடியைத் தேடிப் பிடித்துக்கொண்டார். அவர் ஒரு கேலி செய்திருந்தால் போதும், நான் சாவியைப் பின்னால் நீட்டியிருப்பேன். அவர் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டார்.

நெடுஞ்சாலையில் ஏறினேன். இடப்பக்கம் ஒரு கண்டெய்னர் லோரி, கொஞ்ச நேரத்தில் வலப்பக்கமும் ஒன்று. நடுவில் நான். லோரியைப் பார்த்தால் லோரிப் பக்கமே போவோம், அது எனக்குத் தெரிந்துவிட்டது. அதனால் இரண்டையும் பார்க்கவில்லை. முன்னால் தூரத்தில் சாலை வளைகிற இடத்தைப் பார்த்துக்கொண்டு, ஸ்டீரிங்கை இறுக்காமல் பிடித்துக்கொண்டு, அதே வேகத்தில் போனேன். இரண்டு லோரியும் கடந்து போயின. எனக்கு ஓவென்று கத்தவேண்டும்போல் இருந்தது, சாமுவேல் அங்கிளின் ஜெபம் கெட்டுவிடுமே என்று அடக்கிக்கொண்டேன். அப்பாவுக்கு இப்போதெல்லாம் நிழல்தான் தெரிகிறது, உனக்குத் தெரியும். ஆனால் கோட்டின் மேல் பதித்திருக்கிற குமிழ்களில் டயர் ஏறினால் டக் டக்கென்று சத்தம் வரும் இல்லையா, அதை அவர் காது விடாது. நீ ஓட்டும்போதே, "தம்பி, கோட்ட முத்தம் குடுக்காத" என்பாரே. ஷா ஆலத்தில் காரை நிறுத்தி இன்ஜினை அணைத்தேன். கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார். "வீட்டுலேருந்து இங்க வரைக்கும் ஒரு டக்குகூட கேக்கல மா" என்றார். எத்தனையோ புடவை, நகை வாங்கிக் கொடுத்திருக்கிறார். அந்த மனிதர் எனக்குக் கொடுத்ததிலேயே பெரியது அதுதான். சாமுவேல் அங்கிள் கண்ணைத் திறந்து, "வந்தாச்சா?" என்றார். வியாழக்கிழமையிலிருந்து வீட்டில் தூங்கப் போவதாகச் சொல்லிவிட்டார்.

எல்லாமே வெற்றி என்று அளக்கவில்லை. இரண்டாவது வாரம் வியாழக்கிழமை வீட்டுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. கோடே தெரியவில்லை. வேகத்தைக் குறைத்து, முன்னால் போன காரின் சிவப்பு விளக்கைத் தூரத்தில் வைத்துக்கொண்டு, அப்படியே ஊர்ந்து வந்தேன். பின்னால் இருந்தவர்கள் ஹார்ன் அடித்தார்கள், அடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதே வாரம் சனிக்கிழமை டயாலிசிஸ் மையத்தின் கார் நிறுத்துமிடத்தில் தூணில் உரசிவிட்டேன். பின்கதவில் இருக்கிற கீறலை நேற்று நீ தடவிப் பார்த்து, "சாமுவேல் அங்கிளுக்கு வயசாயிடுச்சு" என்று முணுமுணுத்தாயே, பாவம், அந்தப் பழி அவருக்கு வேண்டாம். பின்கண்ணாடியில் கோந்து பிசுபிசுப்பதும் என் வேலைதான். புதிதாக லைசென்ஸ் எடுத்தவர்கள் ஒட்ட வேண்டிய சிவப்பு ‘பி’ ஸ்டிக்கரை நீ வருவதற்கு முன் பிய்த்தெடுத்தேன். நாளைக்கு மறுபடி ஒட்டப்போகிறேன், முன்னாலும் பின்னாலும், ஊரே பார்க்கட்டும்.

இனி சொல்லப்போவதுதான் கஷ்டமானது. உனக்குப் பத்தொன்பது வயதில் சபாவில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பொறியியல். நீ பெட்டிகூட வாங்கிவிட்டாய். அப்போது எனக்கு நெஞ்சு படபடக்கிறது என்று மூன்று நாள் படுத்துக் கிடந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ என் காலடியில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிட்டாய். நாலாம் நாள், "நான் போகலம்மா, ஷா ஆலத்துலயே படிக்கறேன்" என்று சொன்னாய். அன்று சாயங்காலமே எழுந்து உனக்குப் பிடித்த நண்டு சமைத்தேன். தம்பி, எனக்கு நெஞ்சில் ஒன்றுமே இல்லை. ஒரே பிள்ளை கடல் தாண்டிப் போய்விடுவான் என்ற பயம் மட்டும்தான் இருந்தது. அப்பாவுக்குத் தெரியும், அவர் உன்னிடம் சொல்லவில்லை, என்னிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. பதினோரு வருடமாக நீ நல்ல பிள்ளையாக இருக்கிறாய் என்று ஊரெல்லாம் பெருமை பேசுகிறேன். அந்த நல்ல பிள்ளையை நான் ஏமாற்றி வாங்கினேன். என்னை மன்னித்துவிடு. மன்னிக்க நாளாகும் என்றால் ஆகட்டும், கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது.

அதனால்தான் உன் சிரிப்பு என்னைச் சுட்டது. ஒருமுறை பொய் சொல்லி உன்னை நிறுத்தினேன். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை, உட்கார்ந்த இடத்திலிருந்தே உன்னை நிறுத்திக்கொண்டிருந்தேன். அப்பாவை யார் கூட்டிக்கொண்டு போவது என்று நீ கேட்ட கேள்விக்கு இந்த வீட்டில் பதில் இருக்க வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பதில் இருக்கிறது. செவ்வாய், வியாழன், சனி, ஐந்தரை மணி, நான். அவருக்கும் என்னோடு வருவது பிடித்திருக்கிறது, போகும்போது பழைய வேலைக் கதையெல்லாம் சொல்கிறார், எந்த வளைவில் கோடு போடும்போது யார் காலில் சாயம் கொட்டியது என்றெல்லாம். எனக்குச் சளி காய்ச்சல் வந்தால் சாமுவேல் அங்கிள் இருக்கிறார், கேட்டு வைத்துவிட்டேன். உனக்குச் சொல்ல வேறு காரணம் ஒன்றும் மிச்சம் வைக்கவில்லை.

நாளைக் காலை நாலே முக்காலுக்கு நீ எழுந்திருக்கக் கூடாது. சாவி என்னிடம் இருக்கிறது. ரயில் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்திருக்கும், இறங்கு. வேலைக்குப் போனதும் வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திராமல் கூச்சிங்குக்கு வருகிறேன் என்று எழுதிவிடு. நீ கிளம்புகிற அன்று விமான நிலையத்துக்கு நான்தான் ஓட்டுவேன், அப்பாவும் வருவார். உன்னை இறக்கிவிட்டுத் திரும்பும்போது நிச்சயமாக அழுவேன், இந்தத் தடவை நெஞ்சு உண்மையாகவே வலிக்கும். அதற்காக நீ நிற்க வேண்டாம். அழுதாலும் நான் நேராகத்தான் ஓட்டுவேன்.

உன் அம்மா